வீட்டில் மரவேலைப் பட்டறை: எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது

கோவையில் தனி வீடு. கார் நிறுத்தும் இடத்தின் ஓரமாகப் பத்துக்கு எட்டு அடி இடம். கையில் 40,000 ரூபாய், வாரக் கடைசியில் மட்டும் நேரம். முதலில் பிள்ளைகளுக்கு ஒரு புத்தக அலமாரியும் படிக்கும் மேசையும் செய்ய ஆசை. அமெரிக்காவில் இருக்கும் மச்சான் அடுத்த மாதம் வரும்போது டேபிள் சா (நடுவில் பிளேடு சுழலும் அறுப்பு மேசை) கொண்டுவரட்டுமா என்கிறார். கடையில் 'நூறு பீஸ் டூல் கிட்' பெட்டி மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா? தம்பி கேட்டிருப்பது இவ்வளவுதான். நான் ஃபவுண்டரிகளுக்கு மரப் பேட்டர்ன் (உலோகம் வார்க்க மணலில் அச்சு எடுக்கும் மாதிரி) செய்யும் பட்டறையில் வேலை பார்த்தவன். இப்போது பின்கட்டில் சொந்த வேலைதான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

மச்சான் விஷயம் அவசரம் என்பதால் அதை முதலில் முடித்துவிடுவோம். டேபிள் சா வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே விற்கும் சிறிய டேபிள் சாவே 15 ஆம்பியர் இழுக்கும், அதாவது 1,800 வாட். நேரே நம் பிளக்கில் செருகினால் அன்றோடு மோட்டார் போயிற்று. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம்தான். ஆனால் சுவிட்சைத் தட்டும் நொடியில் மோட்டார் இழுக்கும் இழுப்பையும் தாங்க 3 கேவிஏ அளவில் ஒன்று தேவைப்படும். அதை வாங்கி வைக்கிற செலவுக்கு இங்கேயே கையில் பிடித்து அறுக்கும் ஒரு நல்ல சர்க்குலர் சா வந்துவிடும். பிளேடு இன்னொரு தலைவலி. அமெரிக்க 10 இன்ச் பிளேடின் நடு ஓட்டை 5/8 இன்ச். நம் கடைகளில் இருக்கும் 10 இன்ச் பிளேடுகளுக்குப் பெரும்பாலும் 25.4 அல்லது 30 மில்லிமீட்டர். பிளேடு மழுங்கும்போதெல்லாம் மச்சான் விமானம் ஏற வேண்டியிருக்கும்.

அவர் கொண்டுவர உருப்படியான சாமான்கள் வேறு இருக்கின்றன: ஸ்கேலும் மூலைமட்டமும் சேர்ந்த நல்ல காம்பினேஷன் ஸ்கொயர் ஒன்று, விளிம்புக்கு இணையாகக் கோடு கீற வட்டத் தகடு வைத்த மார்க்கிங் கேஜ், வைரத்தூள் பதித்த தீட்டும் தட்டு, இழுத்து அறுக்கும் ஜப்பானிய ரம்பம். எல்லாம் சேர்த்து ஒரு ஷூப் பெட்டிக்குள்ளும் ஒரு துண்டுக்குள்ளும் அடங்கிவிடும். பேட்டரி டிரில் கொண்டுவருவதானால் சார்ஜரின் அடியில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள். அங்கே விற்கும் பல சார்ஜர்கள் 120 வோல்ட்டுக்கு மட்டுமே. தனி பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் கூடாது. 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை; 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரி 90 வாட்-மணி, எல்லைக்குள் வந்துவிடும்.

நூறு பீஸ் பெட்டி வேண்டாம். அதில் முக்கால்வாசி சாக்கெட்டும் சின்னச் சின்ன பிட்டுமாக இருக்கும். பைக் கழற்ற உதவும். அலமாரி செய்ய அதில் ஏழெட்டு தேறினால் அதிகம். அந்த ஏழெட்டும் மட்டமான எஃகு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கடைக்குப் போனால் கண் மோட்டார் வைத்த சாமான்கள் மேல்தான் விழும். ஆனால் வீட்டில் செய்யும் மேசை ஆடுவதற்கும் அலமாரி கோணுவதற்கும் காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது: மட்டம் சரியில்லை, வெட்டும்போது பலகை நகர்ந்தது, உளி மழுங்கியிருந்தது. ஆகவே அளக்கவும், அசையாமல் பிடிக்கவும், கூர் தீட்டவும் வேண்டியதற்கு முதல் பாதிப் பணம் போகட்டும். மோட்டார் எல்லாம் மீதிப் பாதியில்.

அளப்பதற்கு ஐந்து மீட்டர் டேப் ஒன்று, 30 சென்டிமீட்டர் எஃகு ஸ்கேல் ஒன்று, மூலைமட்டம் ஒன்று. டேப்பின் நுனிக் கொக்கி லேசாக ஆடுகிறதே என்று தட்டி இறுக்கிவிடாதீர்கள். அந்தத் தகட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவு அது நகர வேண்டும். வெளியே மாட்டி இழுத்தாலும் உள்ளே முட்டி அளந்தாலும் அளவு ஒன்றாக வருவதற்கான ஏற்பாடு அது. மூலைமட்டத்தைக் கடையிலேயே சோதித்து வாங்குங்கள். விளிம்பு நேராக உள்ள பிளை துண்டில் மட்டத்தை வைத்துக் கூர்ப் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மட்டத்தை மறுபக்கம் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம். விலகினால், அந்த விலகலில் பாதி மட்டத்தின் பிழை. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

கணக்கு எதில் வைத்துக்கொள்வது என்று முதல் நாளே முடிவுசெய்துகொள்ளுங்கள். நம் ஆசாரிமார் இன்ச்சும் நூலும் பேசுவார்கள். ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல். பிளை, கீல், டிராயர் சேனல் எல்லாம் மில்லிமீட்டரில் வருகின்றன. 18 மில்லிமீட்டர் பிளையை ஆறு நூல் என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு மில்லிமீட்டர் இடிக்கும், ஏனென்றால் ஆறு நூல் 19 மில்லிமீட்டர். ஐந்து தட்டு வைத்த அலமாரியில் இது எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். வீட்டு வேலைக்கு மில்லிமீட்டரே நல்லது. (பேட்டர்ன் பட்டறையில் எங்களுக்கு மூன்றாவதாக ஒரு கணக்கும் உண்டு. உருகிய வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு ஏறக்குறைய ஒரு நூல் சுருங்கும். அதனால் அந்த அளவு நீட்டி அடித்த ஸ்கேல் தனியாக இருக்கும். அதை வீட்டுக்கு எடுத்துவந்து ஜன்னல் அளந்தால் அந்த ஜன்னல் எந்தச் சுவரிலும் உட்காராது.)

பிடிப்பதற்கு முதலில் ஒரு பெஞ்ச். இதைக் காசு கொடுத்து வாங்காதீர்கள், செய்யுங்கள். உங்கள் முதல் வேலையே இதுவாக இருக்கட்டும். கால்களுக்குப் பழைய மரக்கடையில் இடித்த வீட்டுச் சட்டம் கிடைக்கும், மூன்று இன்ச்சுக்குக் குறையாமல். மேலே 18 மில்லிமீட்டர் பிளை இரண்டை ஒட்டிப் போடுங்கள். உயரம், நீங்கள் நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் மட்டம். சராசரி உயரமுள்ளவருக்கு 32 முதல் 34 இன்ச். அதற்கு மேல் போனால் இழைக்கும்போது தோள் வலிக்கும், கீழே போனால் இடுப்பு. சுவரோடு சேர்த்து போல்ட் போட்டுவிட்டால் ஆட்டம் இருக்காது. இடது முன்மூலையில் பலகையைக் கவ்விப் பிடிக்க 7 இன்ச் மரவேலை வைஸ் ஒன்று. நீங்கள் இடக்கைக்காரர் என்றால் வலது மூலையில். இரும்பு வேலைக்கான பெஞ்ச் வைஸை வாங்கிவிடாதீர்கள், அதன் பல் மரத்தைக் கடித்துவிடும்.

கிளாம்ப் போதும் என்று சொன்ன மரவேலைக்காரரை நான் பார்த்ததில்லை. ஒரு அலமாரிக்கு 12 இன்ச் எஃப் கிளாம்ப் நான்கு, 24 இன்ச் நான்கு இருந்தால் தொடங்கலாம். ஃபெவிகால் போட்டு ஒரு ராத்திரி இறுக்கி வைக்க வேண்டிய இணைப்புக்கு இவைதான் கைகள். வாங்கும்போது திருகை முழுக்கச் சுழற்றிப் பாருங்கள். பாதியில் சிக்கினாலோ, இறுக்கும்போது சட்டம் வில்லாக வளைந்தாலோ அடுத்ததைப் பாருங்கள். நான்கு அடி, ஐந்து அடி அகலத்துக்குத் தனி கிளாம்ப் விலை அதிகம். அதற்கு முக்கால் இன்ச் ஜிஐ பைப்பில் மாட்டும் கிளாம்ப் தலைகளை மட்டும் வாங்கி, பைப்பைப் பிளம்பிங் கடையில் வேண்டிய நீளத்துக்கு வெட்டிப் புரி போட்டுக்கொள்ளலாம். அதுவரைக்கும் கயிறும் ஆப்பும் இருக்கின்றன. நைலான் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி நடுவே ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் நாற்காலிச் சட்டம் எவ்வளவு இறுகும் என்பதை ஊரில் எந்த ஆசாரியிடமும் பார்க்கலாம்.

கூர் தீட்டுவதைத்தான் எல்லோரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். கடையிலிருந்து வரும் புது உளி கூராக இருக்காது; கூர் தீட்டுவதற்குத் தயாரான நிலையில் இருக்கும், அவ்வளவுதான். ஒன்பது உளி செட் வேண்டாம். கால், அரை, முக்கால், ஒரு இன்ச், இந்த நான்கே நான்கை நல்லதாக வாங்குங்கள். கீல் பதிக்க, கழுந்து (துளைக்குள் நுழையும் முனை) சீவ, துளை தோண்ட எல்லாம் இவையே போதும். முதலில் உளியின் தட்டையான முதுகை, நுனியிலிருந்து ஒரு இன்ச் தூரம், கண்ணாடியாகப் பளபளக்கும் வரை தேய்க்க வேண்டும். இது ஒரு முறை செய்யும் வேலை, அலுப்பான வேலை. ஆனால் கூர் என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடு, அதில் ஒன்று சொரசொரப்பாக இருந்தால் மற்றதை எவ்வளவு தீட்டியும் பலனில்லை. பிறகு சரிவைச் சுமார் 25 பாகையில் எடுத்து, நுனியில் மட்டும் 30 பாகையில் ஒரு மெல்லிய வரி. அடுத்த முறை மழுங்கும்போது அந்த வரியை மட்டும் புதுப்பித்தால் போதும், இரண்டு நிமிட வேலை.

எதில் தீட்டுவது? நம் ஊரில் பழகிய வழி இரண்டு முகம் கொண்ட கார்போரண்டம் கல். 1954இல் சென்னையில் தொடங்கி திருவொற்றியூரில் தொழிற்சாலை வைத்த கார்போரண்டம் யுனிவர்சல், இந்தக் கற்களையும் உப்புத்தாளையும் நெடுங்காலமாகச் செய்துவருகிறது. இதுவும் போதும், ஆனால் கல் நடுவில் குழிந்துகொண்டே போகும். அதைவிடச் சுலபமான வழி ஒன்று: கண்ணாடிக் கடையில் 8 அல்லது 10 மில்லிமீட்டர் கண்ணாடித் துண்டு ஒன்றை ஓரம் தேய்த்து வாங்கிக்கொள்ளுங்கள். அதன் மேல் தண்ணீரில் நனைத்த வாட்டர் பேப்பரை ஒட்டி 400, 800, 1500, 2000 என்று வரிசையாகத் தேய்த்தால் முழங்கை மயிர் சிரைக்கிற கூர் வரும். நாளடைவில் தாள் செலவு ஏறும். அப்போது வைரத் தட்டு வாங்கிக்கொள்ளலாம், அல்லது மச்சான் கொண்டுவந்ததே இருக்கும். மோட்டார் கிரைண்டரில் உளியை வைத்து அழுத்தாதீர்கள். நுனியில் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது. அந்த நீலத்தைத் தாண்டிக் கரைக்கும் வரை கூர் நிற்காது.

இழைப்புளியும் இதே கதைதான். எண் 4 இரும்பு இழைப்புளி ஒன்று போதும், இரண்டு இன்ச் தகடு. ஜலந்தர், லூதியானாப் பக்கம் செய்து வருவது விலை குறைவு, வார்ப்பு பரவாயில்லை. அடிப்பாகம் மட்டும் சற்றுக் கோணலாக இருக்கலாம். அதே கண்ணாடியில் 80 எண் தாளை ஒட்டி அரைமணி நேரம் தேய்த்துச் சமன்செய்தால் சுருள் சுருளாகச் சீவல் வரும். மரக்கட்டை உடல் கொண்ட பழைய இழைப்புளி தாத்தா வீட்டுப் பரணில் இருந்தால் விடாதீர்கள். தகட்டைத் தீட்டினால் இன்றும் வேலை செய்யும்.

கை ரம்பத்துக்கு இழுத்து அறுக்கும் ரியோபா ஒன்றே சொல்வேன். ஒரு பக்கப் பல் ரேகையோடு கிழிக்க, மறு பக்கம் குறுக்கே அறுக்க. இழுக்கும்போது வெட்டுவதால் தகடு மெல்லியது, புதுக் கைக்குக் கோடு தப்பாது. பல் மழுங்கினால் தகட்டைத்தான் மாற்ற வேண்டும், முக்கோண அரத்தால் தீட்ட முடியாத அளவுக்குப் பல் கடினமாக்கப்பட்டிருக்கும். உளியைத் தட்டும் கொட்டாப்புளியைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. புளியங்கட்டை ஒன்று விறகுக் கடையிலேயே கிடைக்கும், காய்ந்ததாகப் பார்த்து எடுங்கள்.

மோட்டார் வைத்ததில் முதலில் டிரில். கம்பி வைத்த 13 மில்லிமீட்டர் இம்பாக்ட் டிரில் சுவருக்கும் ஆகும் என்று எல்லோரும் வாங்குகிறார்கள், தவறில்லை. ஆனால் திருகு முடுக்க அது கை கனக்கும். மரவேலைக்கு மட்டும் என்றால் சின்ன பேட்டரி டிரில் மேல். '20 வோல்ட் மேக்ஸ்' என்று போட்டிருப்பதும் 18 வோல்ட்டும் ஒன்றே; உள்ளே 3.6 வோல்ட் செல் ஐந்து, முழுச் சார்ஜில் அளந்தால் 20, வேலை நேரத்தில் 18. 12 வோல்ட்டே அலமாரிக்குத் தாராளம். ஒரு கம்பெனி பேட்டரி இன்னொன்றில் ஏறாது, ஆகவே முதல் டிரில் வாங்கும் நாளில் அடுத்த ஐந்து சாமானுக்கும் கம்பெனி முடிவாகிவிடுகிறது என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் ஊரில் எதற்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறதோ அதையே எடுங்கள். டிரில்லோடு மரத்துக்கான, நடுவில் முள் வைத்த பிட்டுகள் 3 முதல் 10 மில்லிமீட்டர் வரை, திருகுத் தலை புதைய ஒரு கவுண்டர்சிங்க் பிட், பிறகு கதவை மூடினால் வெளியே தெரியாத மறை கீல் போடப்போகிறீர்கள் என்றால் தட்டையான அடியோடு குழி எடுக்கும் 35 மில்லிமீட்டர் ஃபோர்ஸ்ட்னர் பிட். அந்தக் கீலின் கிண்ணம் எந்தக் கம்பெனியானாலும் அநேகமாக 35தான்.

அடுத்து, அறுப்பது. இங்கே கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊரில் சைட்டில் வேலை செய்பவர்கள் டைல்ஸ் அறுக்கும் மார்பிள் கட்டரில் 4 இன்ச் மர பிளேடு போட்டு பிளை அறுக்கிறார்கள். அதையே பிளை பலகைக்கு அடியில் தலைகீழாக மாட்டி டேபிள் சா என்கிறார்கள். அவர்கள் கை பழகிய கை. அப்படியும் விரல் போனவர்கள் இருக்கிறார்கள். மார்பிள் கட்டர் நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும். மரத்தை விட்டு எடுத்ததும் தானாக மூடிக்கொள்ளும் காப்பு அதில் கிடையாது. பலகை பிளேடைக் கவ்வினால் மெஷின் உங்களை நோக்கித் துள்ளும். ஆங்கிள் கிரைண்டரில் மர பிளேடு போடுவது இதைவிட மோசம். வார இறுதியில் மட்டும் வேலை செய்பவர் இந்த இரண்டையும் மரத்துக்குத் தொடவே வேண்டாம். காப்பு ஸ்பிரிங்கில் மூடும் 7 இன்ச் சர்க்குலர் சா வாங்குங்கள். பிளைக்கு 40 பல்லுக்குக் குறையாத பிளேடு, கட்டையை நீளவாக்கில் கிழிக்க 24 பல். நேர்க்கோட்டுக்கு எட்டு அடி அலுமினியச் சதுரக் குழாய் ஒன்றை இரண்டு கிளாம்ப் போட்டு வேலியாக வைத்து, சாவின் அடித்தட்டை அதோடு உரசி ஓட்டினால் கடை வெட்டுக்குச் சமமாக வரும். பிளையைத் தரையில் தடித்த தெர்மாகோல் மேல் படுக்க வைத்து அறுங்கள். பலகை முழுக்கத் தாங்கிக்கொள்ளும், பிளேடும் கவ்வப்படாது.

இன்னும் சுலபம் வேண்டுமென்றால், முழுப் பலகையை நேராக அறுக்கும் பேனல் சா மெஷின் வைத்திருக்கும் பிளை கடையில் அளவு எழுதிக் கொடுத்து வெட்டி வாங்கலாம். முதல் அலமாரிக்கு இதையே செய்யுங்கள் என்பேன். எட்டுக்கு நான்கு அடி பலகையைக் கார் நிறுத்தும் இடத்தில் திருப்புகிற அவஸ்தை மிச்சம். பலகையில் ஐஎஸ் 303 என்று இந்தியத் தர முத்திரை இருந்தால் உள் அறைக்குப் போதும். சமையலறை, குளியலறைப் பக்கம் என்றால் ஐஎஸ் 710.

மூன்றாவதாக டிரிம்மர், அதாவது கைக்கு அடக்கமான ரவுட்டர். பிளையின் ஓரப்பட்டையைச் சமன்செய்ய, விளிம்பை உருட்ட, காடி (நீளப் பள்ளம்) எடுக்க இது ஒன்று போதும். இதில் எல்லோரும் இடறும் இடம் பிட்டின் தண்டு. கடையில் 6 மில்லிமீட்டர் தண்டும் கால் இன்ச் தண்டும் கலந்தே கிடக்கும். கால் இன்ச் என்பது 6.35. ஆறு மில்லிமீட்டர் காலட்டில் (பிட்டின் தண்டைக் கவ்வும் குழல்) கால் இன்ச் பிட் நுழையாது, அதனால் ஆபத்தில்லை. கால் இன்ச் காலட்டில் ஆறு மில்லிமீட்டர் பிட்டைப் போட்டு இறுக்கினால் இறுகியது போலத் தெரியும். முப்பதாயிரம் சுற்றில் அது கழன்று வந்தால் எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. டிரிம்மரோடு வந்த காலட் எதுவென்று பார்த்து அதே தண்டிலேயே எல்லாப் பிட்டும் வாங்குங்கள். முப்பது பிட் பெட்டி வேண்டாம். நேர் பிட் ஒன்று, பேரிங் வைத்த ஃபிளஷ் டிரிம் ஒன்று, சின்ன ரவுண்ட் ஓவர் ஒன்று.

சாண்டர், அதாவது உப்புத்தாள் தேய்க்கும் மெஷின், பிறகு வாங்கலாம். வாங்கினால் 5 இன்ச் ராண்டம் ஆர்பிட், தூசி உறிஞ்சும் குழாய் மாட்ட வாயுள்ளது. அதுவரை ஒரு கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி 80, 120, 180 என்று கையால் தேய்த்தால் போதும்.

முதல் மேசைக்கு மரம் தேக்காக இருக்க வேண்டாம். வால்பாறை, நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக், சாமில்லில் மலிவாகக் கிடைக்கும். இழைத்தால் ரேகை அழகாக இருக்கும். ஈரமாக அறுத்ததை அப்படியே எடுத்துவந்து மேசையாக்கினால் மூன்றே மாதத்தில் முறுக்கும். ஊசி வைத்த ஈரமானி வாங்கி, 12, 13 சதவீதத்துக்கு வரும் வரை இடையிடையே குச்சி வைத்து நிழலில் அடுக்கிக் காய விடுங்கள். ஈரமானி பார்ப்பதற்கு விளையாட்டுச் சாமான் போல இருக்கும், ஆனால் ஒரு மேசையைக் காப்பாற்றினாலே அதன் காசு வந்துவிட்டது. ஆணி அடித்த பேலட் பைன் எடுத்தால் ஒவ்வொரு ஆணியையும் பிடுங்கிய பிறகே இழைப்புளியை வையுங்கள்.

தூசியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995இல் மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. மூக்கும் அதை ஒட்டிய உள்ளறைகளும்தான் முக்கியமாகப் பாதிக்கப்படுபவை. கார் நிறுத்தும் இடம் திறந்த வெளி என்பது உங்களுக்குச் சாதகம், ஆனால் காற்று வீட்டுக்குள் அடித்தால் பிள்ளைகள் அறைக்குத்தான் போகும். சாண்டருக்கு முன்பே ஈரம்-உலர் வாக்குவம் கிளீனர் ஒன்று வாங்குங்கள். இருபது லிட்டர் பெயின்ட் வாளி மேல் தூளைச் சுழற்றிப் பிரிக்கும் சைக்ளோன் கூம்பு மாட்டி நடுவில் வைத்தால் தூள் பெரும்பாலும் வாளியிலேயே விழும், ஃபில்டர் அடைக்காது. அறுக்கும்போது என்95 முகமூடி, கண்ணாடி, காதுக்கு அடைப்பு. கையுறை மட்டும் சுழலும் மெஷின் பக்கத்தில் கூடாது. நூல் மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும்.

மின்சாரத்தையும் எலக்ட்ரீஷியனை வைத்து முதலிலேயே சரிசெய்துகொள்ளுங்கள். 6 ஆம்பியர் பிளக்கின் எல்லை 1,380 வாட். சர்க்குலர் சாவும் வாக்குவமும் சேர்ந்து ஓடினால் தாண்டிவிடும். அந்த மூலைக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 16 ஆம்பியர் பாயின்ட் ஒன்று, வீட்டு போர்டில் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று ஒரு பார்வை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பயன்படுத்தினால் ஒயரைச் சுருளாக விடாமல் முழுக்க விரித்துப் போடுங்கள், சுருளுக்குள் சூடு ஏறும்.

டேபிள் சா ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் சர்க்குலர் சாவால் முடியாத வேலை எதுவென்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அப்போது கடையில் பிளேடுக்குப் பின்னால் அதோடு சேர்ந்தே ஏறி இறங்கும் ரைவிங் நைஃப் (அறுத்த பலகை பிளேடைக் கவ்வாமல் தடுக்கும் தகடு) இருக்கிறதா, வேலி பிளேடுக்கு இணையாக நின்று பூட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். இந்த இரண்டும் இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.